குஞ்சு வளர்க்க மறந்த மீன்

“மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேணுமோ?” என்று எங்கள் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் தாளம் போட்டால் சொல்வார்கள். வாத்தியாரின் மகள் வாத்தியாராக வந்தால் சொல்வார்கள். எல்லாம் இரத்தத்தில் இருக்கிறது, தானாக வரும், ஒருவரும் மினக்கெடத் தேவையில்லை என்பது அதன் பொருள். நீந்துவது தானாகத்தான் வருகிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் குஞ்சு வளர்ப்பதும் தானாக வருமா என்று கேட்டால், வீட்டில் ஏஞ்சல் மீன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். முட்டையிட்ட மறுநாளே அந்த முட்டைகளைத் தின்றுவிடுகிற தாய் தகப்பனை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதே இனம் அமேசன் ஆற்றில் முட்டைக்குக் காவல் நிற்கிறது, குஞ்சுகளை வாயில் தூக்கி இடம் மாற்றுகிறது, வாரக்கணக்கில் அவற்றைக் கூடவே கொண்டு திரிகிறது. இரண்டும் ஒரே மீன். இடையில் என்ன நடந்தது? அதைத்தான் எழுத வந்தேன். 200 வருசக் கதை. பெர்லினும் தரங்கம்பாடியும் வரும், கொளத்தூரும் கொழும்பும் வரும், கடைசியில் நாங்கள் இருக்கிற றிச்மண்ட் ஹில்லும் வரும்.

இங்கே றிச்மண்ட் ஹில், மார்க்கம், ஸ்காபரோப் பக்கம் எத்தனையோ தமிழ் வீடுகளில் வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி இருக்கும். சிலர் வாஸ்து என்று வைப்பார்கள். சிலர் பிள்ளைகள் கேட்டதற்காக வைப்பார்கள். பனி கொட்டும் மாதங்களில் வீட்டுக்குள் ஏதாவது உயிரோடு அசையட்டுமே என்று வைப்பவர்களும் உண்டு. பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கும் ஒரு எட்டு வருகிற சொந்தக்காரர்கள் தொட்டியைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, “இது எந்தக் கடல் மீன்?” என்பதுதான். கடல் மீன் இல்லை, ஆற்று மீன். உடம்பு தட்டையாக வெற்றிலை மாதிரி இருக்கும். மேலும் கீழும் நீண்ட செட்டைகள். குறுக்கே கறுப்புக் கோடுகள். செட்டை நுனியில் இருந்து நுனிவரை அளந்தால் ஒரு சாணுக்கும் அதிகம். நன்றாகப் பார்த்தால் பத்து வருசம்வரை இருக்கும். அந்தக் கோடுகள் அழகுக்கு வந்தவை அல்ல. வெள்ளம் ஏறிய காட்டில், தண்ணீருக்குள் நிற்கும் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே ஒளிந்து நிற்பதற்கு வந்தவை. தட்டையான உடம்பும் அந்த இடுக்குகளில் நுழைவதற்குத்தான்.

பெர்லினில் ஒரு விலைப்பட்டியல்

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்த விதம் வேடிக்கையானது. 1823இல் பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகம், தன்னிடம் ஒன்றுக்கு மேல் இருந்த மாதிரிகளை விற்பதற்காக ஒரு பட்டியல் அச்சிட்டது. அப்போது அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் லிக்டென்ஸ்டைன். பிரேசிலில் இருந்து வந்த ஒரு தட்டை மீன், ஷுல்ட்சே என்பவர் எழுதிய குறிப்போடு, அந்த விற்பனைப் பட்டியலில்தான் முதன்முதலில் ‘ஸ்கலாரிஸ்’ என்ற பெயரோடு வெளிவந்தது. படிக்கட்டுப் போன்றது என்று பொருள். ஜேர்மனியில் இன்றும் இதை ‘ஸ்கலார்’ என்றுதான் சொல்கிறார்கள். உலகத்துக்கு இந்த மீன் அறிமுகமானதே ஒரு விலைப்பட்டியலில்! பின்னர் நடந்ததைப் பார்த்தால் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்த பெயர் வியன்னாவில் கிடைத்தது. யோஹான் நட்டெரர் என்ற ஒஸ்ரியர் 1817இல் பிரேசிலுக்குப் போய் 18 வருசம் காட்டிலும் ஆற்றிலும் அலைந்து சேகரித்தார். அவர் அனுப்பிய ஆற்று மீன்களை ஆராய்ந்த ஹெக்கெல் 1840இல் இந்த வகைக்கு ‘டெரோபில்லம்’ என்று பெயர் வைத்தார். செட்டை உள்ள இலை என்று அர்த்தம். வெற்றிலை என்று நான் மேலே சொன்னதற்கு ஒரு பண்டிதரின் ஒப்புதல் இருக்கிறது பாருங்கள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கக் கதை ஒன்று உள்ளே வருகிறது. ஏஞ்சல் மீன் ‘சிக்லிட்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய குடும்பம். பெயரிடப்பட்ட இனங்களே 1,700 அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆபிரிக்காவிலும் தென், நடு அமெரிக்காவிலும் வாழ்கின்றன. வன்னிக் குளங்களில் பிடித்துச் சாப்பிட்ட திலாப்பியாவும் இந்தக் குடும்பம்தான். அதை ஊரில் ‘யப்பான் மீன்’ என்பார்கள். அதற்கும் யப்பானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஆபிரிக்க மீன், 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். ஆனால் வந்தேறியாக இல்லாமல், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட்கள் மூன்றே மூன்று. ஒன்று கர்நாடகக் கரையோரத்து ஆறுகளில் மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டும் இலங்கைக்கும் பொது. பெரியதைக் கேரளத்தார் கரிமீன் என்று பொரித்துச் சாப்பிடுவார்கள், சிங்களத்தில் கொரலியா. சிறியது செம்மஞ்சள் நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும். இரண்டுமே களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் வாழ்பவை. ஊருக்கு ஊர் பெயர் மாறும்.

இந்த இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மார்க்குஸ் புளொக் என்ற யூத வைத்தியர். பெரியதற்கு 1790இலும் சிறியதற்கு 1795இலும் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் தரங்கம்பாடியில் இருந்த ஜோன் என்ற ஜேர்மன் பாதிரியார் தமிழ்க் கரையின் மீன்களை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கத்தாளை மீன் வகைக்கு அந்தப் பாதிரியாரின் பெயரையே புளொக் வைத்தார், ‘ஜோனியஸ்’ என்று. அதில் ஓர் இனத்தின் பெயர் ‘கறுட்டா’. வேறொன்றுமில்லை, எங்கள் ‘கறுத்த’ கத்தாளைதான் லத்தீன் உடுப்புப் போட்டிருக்கிறது. புளொக் 1799இல் இறந்தபின் அவருடைய சேகரிப்பு அதே பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்க் கரை மீன்களும் அமேசன் ஏஞ்சலும் பதனிட்ட உடல்களாக ஒரே கட்டடத்துக்குள் கிடந்தன.

இந்தக் குடும்பம் கண்டங்கள் தாண்டிப் பரவியது எப்படி என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. தென் கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்த காலத்திலேயே இந்த மீன்கள் இருந்தன, நிலம் பிரிந்தபோது இவையும் பிரிந்தன என்று ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். இல்லை, பிறகு கடல் வழியாகப் பரவின என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எங்கள் மீன்களுக்கு மிக நெருங்கிய சொந்தம் மடகஸ்கரில் இருக்கிறது என்பதில் மட்டும் இரு பகுதியும் ஒத்துப்போகிறது. நான் இந்த உறவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் குடும்பத்தின் அடையாளமே பிள்ளை வளர்ப்புத்தான். திலாப்பியாத் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். எங்கள் செம்மஞ்சள் மீனின் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்திச் சாப்பிட்டு வளரும், கிட்டத்தட்டப் பால் குடிப்பதுபோல. ஏஞ்சல் சோடி நிமிர்ந்து நிற்கும் ஓர் இலையைச் சுத்தம் செய்து, அதில் நூற்றுக்கணக்கில் முட்டை ஒட்டி, செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கும். பழுதான முட்டையை மட்டும் பொறுக்கி எடுக்கும். அப்படிப்பட்ட பரம்பரை இது.

கண்ணாடிக்குள் வந்த கதை

மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியது 1850களில். தண்ணீர்ச் செடியும் நத்தையும் மீனும் சேர்ந்தால் ஒரு பாத்திரத்தில் சமநிலையாக வாழலாம் என்று றொபேர்ட் வாரிங்டன் என்ற லண்டன் இரசாயனவியலாளர் 1850இல் எழுதிக் காட்டினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலை மீன்களுக்கென்று ஒரு கட்டடம் திறந்தது. அடுத்த வருசம் பிலிப் கோஸ் எழுதிய புத்தகம் வந்தபின் இங்கிலாந்து வீடுகளில் கண்ணாடித்தொட்டி ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் அவையெல்லாம் குளிர்நீர் மீன்களும் கடற்பூக்களும். வெப்ப நாட்டு மீன்கள் வரத்தொடங்கியது அதற்குப் பிறகு, கப்பல்கள் வேகமாக ஓடத்தொடங்கிய காலத்தில்.

அந்த வியாபாரத்தின் வாசல் ஹம்பேர்க் துறைமுகம். தென் அமெரிக்காவுக்கு ஓடிய கப்பல்களில் மீன்களைத் தகரப்பேணிகளில் ஏற்றி, குளிர் பிடிக்காமல் கீழே விளக்கு வைத்து, கையால் காற்று அடித்துக் கொண்டுவருவார்கள். ஏஞ்சல் உயிரோடு ஐரோப்பாவுக்கு வந்தது 1910ஐ அண்டிய வருசங்களில். சரியாக அந்தக் காலத்தில், 1909இல், சென்னை மெரீனாக் கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தேர்ஸ்டன். சென்னைச் சனங்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்ன காலம் அது. அந்தக் காட்சியகம் இரண்டாம் உலகப்போரில், யப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942இல் மூடப்பட்டது. போர் என்றால் முதலில் காலியாவது இப்படியான இடங்கள்தான் என்பது எங்களுக்குத் தெரியாததா?

ஜேர்மன் வியாபாரிகள் மூலமே ஏஞ்சல் வட அமெரிக்காவுக்கும் வந்தது. எங்கள் ஆட்களிலும் கனபேர் ஜேர்மனியைத் தொட்டுத்தான் இங்கே வந்தார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர்களும் அங்கிருந்துதான் கப்பலேறியவர்கள். உவமையை இதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. மீன்களுக்கு விளக்கு வைத்துச் சூடு காட்டினார்கள், அவ்வளவுதான் சொல்லலாம்.

முட்டையைப் பிரித்தெடுத்த தொழில்

முதலில் வந்த மீன்கள் எல்லாம் ஆற்றில் பிடித்தவை. விலை மிக அதிகம். 1920களில் அமெரிக்காவில் இவற்றைத் தொட்டிக்குள் இனம்பெருக்கக் கற்றுக்கொண்டார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் இன்னஸ் 1935இல் வெளியிட்ட வெப்பநாட்டு மீன் புத்தகம் வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பல பதிப்புகளாக வழிகாட்டியது. அந்தக் காலத்துக்குள் ஏஞ்சல் வெறும் பிடிபட்ட மீன் என்ற நிலை மாறி, பண்ணையில் பிறக்கிற மீனாகிவிட்டது.

பண்ணைக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முட்டையைத் தாய் தகப்பனோடு விட்டால் அவை குஞ்சுகளோடு பல வாரங்கள் மினக்கெடும், அதுவரை அடுத்த முட்டை இல்லை. முட்டையை உடனே எடுத்துவிட்டால் ஏழு நாளிலோ பத்து நாளிலோ அதே சோடி திரும்பவும் முட்டையிடும். அதனால் இலைக்குப் பதிலாக ஒரு கற்பலகையையோ குழாய்த்துண்டையோ நிறுத்தி வைப்பார்கள். முட்டையிட்டதும் பலகையோடு தூக்கி வேறு தொட்டியில் வைப்பார்கள். செட்டை விசிறும் வேலையைக் காற்றுக்குமிழி செய்யும். பழுதான முட்டையில் இருந்து பூஞ்சணம் பரவாமல் பார்க்கும் வேலையை மெதிலீன் நீலம் என்ற மருந்து செய்யும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுகள் ஐந்து நாளளவில் நீந்தத் தொடங்கும். உடனே ஆட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலைப் பொரிக்கவைத்துத் தீனியாகப் போடவேண்டும். அதன் காய்ந்த முட்டைகள் பெருமளவில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பேருப்பேரியில் இருந்து வருகின்றன. தூத்துக்குடி உப்பளங்களிலும் அந்தச் சிற்றிறால் உண்டு.

இந்த முறையில் குஞ்சுகள் அதிகம் தப்புகின்றன. தொழிலாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விசயம் சத்தமில்லாமல் நடந்தது. ஆற்றிலே நல்ல தாய் தகப்பனின் குஞ்சுதான் தப்பும், கவனிக்காத சோடியின் குஞ்சை வேறு மீன் தின்றுவிடும். பண்ணையில் அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. முட்டை தின்னும் சோடியின் குஞ்சும் தப்பியது, காவல் நிற்கும் சோடியின் குஞ்சும் தப்பியது. பண்ணைக்காரர் பார்த்துத் தெரிந்தெடுத்தது நிறத்தையும் செட்டையையும்தான். 1950களில் முழுக்கறுப்பு ஏஞ்சல் சந்தைக்கு வந்தது. பிறகு நீண்ட சேலைத்தலைப்புப் போன்ற செட்டை வந்தது. 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் சலவைக்கல் மாதிரிக் கறுப்பு வெள்ளை கலந்தது வந்தது. பொன்னிறம் வந்தது. ஒளிந்து நிற்க வந்த கோடுகள் போயே போய்விட்ட ஏஞ்சல்களும் இன்று உண்டு. ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை கண்ணாடிக்குள் இல்லைத்தானே.

தமிழர் கைக்கு வந்தது

பொலித்தீன் பையும் ஜெற் விமானமும் வந்தபின் வியாபாரத்தின் நிலையே மாறிப்போனது. பையில் கொஞ்சத் தண்ணீரும் நிறைய ஒட்சிசனும் அடைத்துக் கட்டினால் மீன் ஒன்றரை நாள் தாங்கும். குளிர் நாட்டில் சூடாக்கிச் செலவழிப்பதைவிட, வெயில் சும்மா கிடைக்கும் நாட்டில் வளர்த்து அனுப்புவது மலிவு. புளோரிடாவும் சிங்கப்பூரும் அப்படித்தான் பெரிய இடங்களாகின. பின்னர் தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, சென்னை.

சென்னை என்றால் கொளத்தூர். வடசென்னையில் ஏரிகளும் வயல்களுமாகக் கிடந்த இடம், நகரம் வளர்ந்து விழுங்கிய இடம். அங்கும் மாதவரம், செங்குன்றம், பொன்னேரிப் பக்கங்களிலும் குடும்பம் குடும்பமாக வண்ணமீன் வளர்க்கிறார்கள். வீட்டின் பின்பக்கத்தில், மொட்டைமாடியில், குத்தகை நிலத்தில் சிமெந்துத் தொட்டிகள். ஏஞ்சல், கப்பி, மொலி, ஃபைட்டர், தங்கமீன்... பெரிய கம்பனி இல்லை. தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தண்ணீர் மாற்றுவதும் குஞ்சு எண்ணுவதும்தான் தொழில். 2017இல் இந்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்குக் கடுமையான விதிகள் கொண்டுவந்தபோது முதலில் எதிர்த்து எழுந்தவர்களில் கொளத்தூர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஏஞ்சல் என்பது அரிசியும் பள்ளிக்கூடக் காசும். நான் இங்கே வசதியாக இருந்துகொண்டு முட்டையைப் பிரிப்பது பாவம் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க முடியாது.

இலங்கையில் இந்தத் தொழில் கொழும்பையும் கம்பகாவையும் சுற்றி வளர்ந்தது. பண்ணையில் வளர்த்த கப்பியும் ஏஞ்சலும் ஒரு பக்கம் போக, காட்டு ஓடைகளில் பிடித்த இலங்கைக்கே உரிய மீன்களும் வெளிநாடு போயின. செரி பார்ப் என்ற சிறு சிவப்பு மீனுக்கு 1929இல் தெரணியகல அறிவியல் பெயர் வைத்தார். களனியில் இருந்து நில்வளா வரையான தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளில் மட்டுமே அது உண்டு. வியாபாரத்துக்காக அள்ளியதிலும் காடு அழிந்ததிலும் இப்படியான மீன்கள் குறைந்துபோனதை றொஹான் பெதியாகொட 1991இல் வெளியிட்ட இலங்கை நன்னீர் மீன்கள் பற்றிய நூல் பலருக்கும் தெரியவைத்தது. இன்று கடைகளில் இருக்கும் செரி பார்ப் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது. ரொறன்ரோவில் ஒரு மீன்கடைக்குப் போனால் இலங்கை ஓடையைப் பார்க்காத இலங்கை மீனும் அமேசனைப் பார்க்காத அமேசன் மீனும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் என் தலைமுறைக்குக் கண்ணாடித்தொட்டி எட்டாத பொருள். மாரியில் வயல் வாய்க்காலில் பிடித்த, நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த சிறு மீனை ஹோர்லிக்ஸ் போத்திலுக்குள் விட்டுப் பார்த்ததுதான் எங்கள் மீன்வளர்ப்பு. 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லை. காற்றடிக்கும் மோட்டருக்கு எங்கே போவது? பெடியள் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலம்.

ஒன்ராறியோ ஏரித் தண்ணீர்

இனி இந்தப் பக்கம். றிச்மண்ட் ஹில் ஏரிக்கரையில் இல்லை, ஆனால் எங்கள் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். யோர்க் பிராந்தியம் ரொறன்ரோவிடமும் பீலிடமும் அதை வாங்கி அனுப்புகிறது. நடுத்தரக் கடினமான தண்ணீர். அமேசன் தண்ணீரோ மழைநீர் மாதிரி மென்மையானது, இலை ஊறித் தேத்தண்ணி நிறத்தில் இருப்பது. ஆற்றில் பிடித்த ஏஞ்சல் என்றால் எங்கள் தண்ணீரில் சிரமப்படும். பல தலைமுறையாகத் தொட்டியில் பிறந்த ஏஞ்சல் இதில் நன்றாகவே வாழ்கிறது, முட்டையும் இடுகிறது. பிறந்த இடத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை.

ஒன்றை மட்டும் புதிதாக வளர்ப்பவர்கள் அறிய வேண்டும். இங்கே தண்ணீரில் கலப்பது குளோரமின். ஊரில் சொல்வதுபோல வாளியில் ஒருநாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்ற கணக்கு இதற்குச் சரிவராது. கடையில் விற்கும் மருந்தைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். தொட்டி உயரமாக இருக்க வேண்டும், 45 சென்ரிமீற்றராவது. வெப்பம் 26, 27 பாகை. நியோன் போன்ற பொடி மீனைக் கூட விட்டால் ஏஞ்சல் ஒருநாள் தின்றுவிடும், அது அதன் குணம். ஆண் பெண் பார்த்து வாங்குவது கஷ்டம். ஆறு குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளர்த்தால் தாங்களே சோடி சேரும்.

2013 டிசம்பர் 22ஆம் திகதி உறைமழை பெய்து ரொறன்ரோவைச் சுற்றிப் பல இடங்களில் நாட்கணக்காக மின்சாரம் நின்றது. வீடு குளிர்ந்தது, தொட்டியும் குளிர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை தொட்டியைக் கம்பளியால் சுற்றிக்கட்டி, மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கோப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தார், காற்றுக் கலக்கட்டும் என்று. பிள்ளைகள் பார்த்துவிட்டு, “அப்பா, இதை எங்கே பழகினீர்கள்?” என்று கேட்டார்களாம். “கரண்ட் இல்லாத ஊரிலை” என்றாராம். நான்கு ஏஞ்சல்களும் தப்பின.

மறந்ததா, கேட்கப்படாததா?

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருகிறேன். தொட்டியில் பிறந்த ஏஞ்சல் பிள்ளை வளர்க்க மறந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். நூறு வருசமாக முட்டையைப் பிரித்ததில் அந்தக் குணம் பரம்பரையாகவே தேய்ந்தது என்பது ஒரு விளக்கம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கூட இருக்கும் மற்ற மீன்களும் பயமுறுத்துவதால் தின்கின்றன என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கும். ஆனால் பொறுமையாக வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. முதல் முறை தின்றுவிடும். இரண்டாம் முறையும் தின்றுவிடும். மூன்றாம் முறை ஒருநாள் காவல் நிற்கும், பிறகு தின்றுவிடும். நான்காவதோ ஐந்தாவதோ முறை, சில சோடிகள் பொரிக்கும்வரை நிற்கும். வால் துடிக்கும் குஞ்சுகளை வாயில் எடுத்து வேறு இலையில் துப்பும். கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒட்டும். பிறகு ஒருநாள் பொடிக் குஞ்சுகள் மேகம் மாதிரிக் கூடி நீந்த, அவற்றுக்கு இரு பக்கமும் இரண்டு பெரியவர்கள்! எல்லாச் சோடியும் இப்படிச் செய்வதில்லை. சிலது கடைசிவரை தின்றுகொண்டேதான் இருக்கும்.

ஆனபடியால் ‘மறந்துவிட்டது’ என்ற சொல் சரியில்லை என்பது என் கருத்து. அந்த வேலையை அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை. இலையைக் கண்டதும் சுத்தம் செய்கிறது, முட்டையைக் கண்டதும் விசிறுகிறது, அதுவரை உள்ளே இருக்கிறது. மிச்சம் பழகிப் பழகித்தான் கைக்கு வருகிறது. பழகுவதற்கு முட்டையை அதனிடம் விட்டுவைக்க வேண்டும். சில முறை தோற்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடுகளிலும் “பிள்ளையள் தமிழை மறந்துபோச்சினம்” என்று ஒரு ஒப்பாரி உண்டு. இங்கே பிறந்த பிள்ளை எப்போது தமிழை அறிந்து எப்போது மறந்தது? பிள்ளை தமிழில் தட்டுத்தடுமாறி ஒரு வசனம் தொடங்கும்போதே, நேரமில்லை என்று நாங்கள் இங்கிலிசில் முடித்துவைத்துவிடுகிறோம். சனிக்கிழமை வகுப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மிச்சத்தை ரீச்சர் பார்த்துக்கொள்வார் என்று வந்துவிடுகிறோம். இரண்டு வேலை செய்கிற தாய் தகப்பனை நான் குறை சொல்லவில்லை. கொளத்தூர்க்காரரைக் குறை சொல்லாததுபோலத்தான் இதுவும். ஆனால் இரத்தத்தில் இருக்கிறது, தானாக வரும் என்று பழமொழியைச் சாட்டிவிட்டு இருப்பதும், பிறகு வரவில்லை என்று அழுவதும் சேர்ந்து போகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். அலுத்துப்போனால் மீனைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். ஏஞ்சல் இந்தக் குளிரில் செத்துப்போகும், அது ஒரு கொடுமை. தங்கமீன் சாகாது, அது வேறு கொடுமை. ஒன்ராறியோவின் மழைநீர்க் குளங்களில் அது பெருகி, சொந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்னை ஏரிகளில் தொட்டி துப்புரவாக்க வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளிறு செய்வதும் அதையேதான். வேண்டாம் என்றால் கடைக்காரரிடமோ இன்னொரு வளர்ப்பாளரிடமோ கொடுத்துவிடலாம்.

வீட்டில் ஏஞ்சல் சோடி ஒன்று முட்டையிட்டால், விற்கிற எண்ணம் இல்லாவிட்டால், ஒருமுறையாவது பிரிக்காமல் விட்டுப் பாருங்கள். கூட இருக்கும் மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இரவில் அறையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், இருட்டில் அவற்றுக்கு முட்டை தெரியாது. பிள்ளைகளைக் கண்ணாடியில் தட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். மறுநாள் காலை முட்டை ஒன்றும் இல்லாவிட்டால் மீனைத் திட்டாதீர்கள். பத்து நாளில் திரும்பவும் இலையைச் சுத்தம் செய்யத் தொடங்கும்.